ஈறுக்கு வந்தவள் இழந்த ஆறு பல்

மலாயாவில் சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்தில், பட்டையைக் கீறிப் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுகிறவள் வீராயி. பால் குறைந்தது என்று கங்காணி கூலிக் கணக்கில் அரைநாள் பேர் போட்டால், முழுநாள் பேர் போடும்வரை விடமாட்டாள். 1926இல் அவளுக்குக் கீழ் ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஈப்போவில் சீனப் பல் வைத்தியரிடம் போனாள்.

“ஈறை அறுத்துச் சுத்தம் பண்ணணும்லா. பல்லுக்கு ஒரு வெள்ளி. ஆறு பல்லு, ஆறு வெள்ளி,” என்றார் அவர், பழகிய தமிழில்.

ஆறு வெள்ளி அவளுக்குப் பதினைந்து நாள் கூலி. வாய்வலியைவிட வயிற்றெரிச்சல் பெரிதாயிற்று.

“நீ அறுக்கப்போறது ஈறை. எண்ணுறது என் பல்லையா? நான் தினம் முந்நூறு மரம் வெட்டுறேன். மரத்தை எண்ணியா தொரை காசு குடுக்கிறாரு? எல்லாத்துக்கும் சேர்த்து ஒருநாள் பேருதான்!”

“இங்க இதான் கணக்கு.”

“புடுங்க எவ்வளவு?”

“பல்லுக்கு முப்பது காசு.”

“அப்ப ஆறையும் புடுங்கு!”

நல்ல பல், வேண்டாம் என்று அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். வீராயி நாற்காலியை விட்டு அசையவில்லை. ஆறையும் பிடுங்கினார். ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஒரு வெள்ளி எண்பது காசை மேசையில் வைத்தாள். அவர் விளக்கைப் பிடித்து வாய்க்குள் பார்த்தார்.

“சீழ் இன்னும் இருக்கு. ஈறை அறுத்தே ஆகணும்.”

வீராயி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அறு. அங்க இருக்கிற பல்லை எண்ணிச் சொல்லு, காசு தாரேன்.”