எண்பத்திரண்டு சதவீதம்

ஆமத்தூரைத் தாண்டிய சாலையில் இருக்கும் அந்த வணிகப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியைப் பற்றி ஹஸ்னாவுக்குத் தெரிந்த அளவு அதன் துணைவேந்தருக்கே தெரியாது. பதினாறு வருடமாக அதன் வாசலுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறாள். கணவன் சாபிர் விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடையைப் பார்த்துக்கொள்ள, இவள் தினமும் பஸ்ஸேறி இங்கே வந்துவிடுவாள். பேராசிரியர்கள் கிறுக்கிக் கொடுப்பதெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் ஆராய்ச்சிக் கட்டுரையாகி உலகத்துக்குப் போகும்.

ஆரம்பத்தில் அவர்கள் மேல் பயம் கலந்த மரியாதை இருந்தது. ஒருவர் தன் பழைய கட்டுரையில் 'வாழைக்காய் வியாபாரிகள்' என்று வருகிற இடமெல்லாம் 'தீப்பெட்டி வியாபாரிகள்' என்று மாற்றச் சொன்ன நாளில் அது கரைய ஆரம்பித்தது. அட்டவணை எண்களைத் தொட வேண்டாமாம். இன்னொருவர் கட்டுரைக்கு ஏழு பேர் ஆசிரியர்கள். அதில் ஐந்து பேர் தலைப்பைக்கூடப் படித்திருக்கவில்லை. யார் யாரை மேற்கோள் காட்டுவது என்பதைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, மொய்க்கு மொய் செய்வது போலப் பேசி முடிப்பார்கள். ஹஸ்னா தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருப்பாள்.

டாக்டர் ஜெயச்சந்திரன் மட்டும் ஒருமுறை நிஜமாகவே மாணவர்களை ஏழாயிரம்பண்ணைக்கு அனுப்பினார். பட்டாசு கம்பெனிகளில் வேலை பார்க்கும் நானூறு பெண்களிடம் கேட்டதில், கம்பெனி வேன் வசதி போதும் என்றவர்கள் இருபத்தெட்டு சதவீதம். ஹஸ்னா அவசரத்தில் எண்பத்திரண்டு என்று அடித்துவிட்டாள். மறுநாள் கண்ணில் பட்டதும் பதறிப்போய் அவர் அறைக்கு ஓடினாள்.

"சார், நான் நம்பரை மாத்தி அடிச்சுட்டேன். திருத்தித் தாரேன்."

அவர் கட்டுரையை ஒருமுறை பார்த்தார். "எண்பத்திரண்டு நல்லாத்தானம்மா இருக்கு? நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்கு அந்தக் கம்பெனிக்காரங்கதான் வேலை குடுக்கணும். விட்டுரு."

அவள் விட்டுவிட்டாள். தப்பு அன்றே பாதி அவளுடையதாகிவிட்டது.

அந்த எண்பத்திரண்டு, எட்டு வருடத்தில் ஆலமரமாக வளர்ந்தது. அடுத்த அறைக்காரர் மேற்கோள் காட்டினார், அவருடைய மாணவர்கள் காட்டினார்கள், அந்த மாணவர்கள் பேராசிரியர்களாகி அவர்களுடைய மாணவர்களும் காட்டினார்கள். வருகிற ஆய்வேடுகளில் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹஸ்னா அந்த வரியை மட்டும் வேகமாக அடித்துக் கடந்துவிடுவாள்.

போன ஆவணியில், தீபாவளி ஆர்டர் மும்முரமான நேரத்தில், ஏழாயிரம்பண்ணை மாரிசெல்வி ஓர் ஆங்கிலக் கடிதத்தோடு கடைக்கு வந்தாள். வழக்கமாக மனு டைப் செய்ய வருகிறவள்தான்.

"ரெண்டு வேன்ல ஒண்ண நிறுத்திட்டாகக்கா. மனு குடுத்தோம். அதுக்குப் பதிலாம் இது. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க."

கம்பெனி மேனேஜர் மணிகண்டராஜ் எழுதியிருந்தான். அவனும் இதே பல்கலைக்கழகத்தில் படித்தவன்தான். பெண் தொழிலாளர்களில் எண்பத்திரண்டு சதவீதம் பேருக்கு வேன் வசதி தேவைக்கு மேலேயே இருப்பதாகப் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது என்று இருந்ததை ஹஸ்னா தமிழில் படித்துச் சொன்னாள். 'போதும்' என்பது எங்கோ நடுவழியில் 'தேவைக்கு மேல்' ஆகியிருந்தது.

"எவ சொன்னாளாம்? நாப்பது பேரு ஒரே வேன்ல நிக்கிறோம். அய்யம்மா மதினி வாசப்படியில இருந்து விழுந்து கையி முறிஞ்சு கெடக்கு!"

"யாரும் சொல்லல, மாரிசெல்வி. நாந்தான் தப்பா அடிச்சேன்" என்றாள் ஹஸ்னா. நடந்ததைச் சொன்னாள். மாரிசெல்வி கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஹஸ்னா கடையைச் சாத்திவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு எதிரே போனாள்.

ஜெயச்சந்திரன் இப்போது ஆராய்ச்சித் துறை டீன். இருவரையும் உட்காரச் சொல்லவில்லை.

"நூத்துநாப்பது பேரு மேற்கோள் காட்டின கட்டுரை. அம்புட்டுப் பேரும் ஏத்துக்கிட்டத நீ வந்து தப்புங்கிற?"

"அதுல முப்பத்தாறு பேருக்கு நாந்தான் சார் டைப் பண்ணுனேன். ஒருத்தராவது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எட்டிப் பாத்திருக்காகளா?"

அவர் மாரிசெல்வியிடம் திரும்பினார். "நீங்க தனி ஒரு ஆளும்மா. ஆராய்ச்சி மொத்தத்தத்தான் பாக்கும்."

"மொத்தமும் ஒரே வேன்லதான் சார் வருது" என்றாள் மாரிசெல்வி.

டீன் மணியடித்துப் பியூனைக் கூப்பிட்டார். இருவரும் வெளியே வந்தார்கள்.

ஹஸ்னா நடந்ததைத் தமிழில் ஒரு பக்கம் டைப் செய்து, தன் பெயரும் போன் நம்பரும் போட்டுக் கையெழுத்திட்டு மாரிசெல்வியிடம் கொடுத்தாள். 'திருத்தம் ஆசிரியரிடமிருந்துதான் வர வேண்டும்' என்று மணிகண்டராஜ் அதைத் திருப்பிவிட்டான். மறுநாள் காலை வேன் வந்தபோது ஒருத்தியும் ஏறவில்லை. அடுத்த மூன்று நாளும் அப்படியே. ஆர்டர் தேங்கியது. ஐந்தாம் நாள் இரண்டு வேன்கள் வந்து நின்றன. மேற்கோள் எதுவும் தேவைப்படவில்லை.

பல்கலைக்கழகத்தில், அந்தக் கடைக்கு யாரும் வேலை கொடுக்கக் கூடாதென்று சுற்றறிக்கை போனது. பத்து நாள் கடை காற்று வாங்கியது. பதினோராம் நாள் ஒரு பேராசிரியர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து காகிதக் கட்டை நீட்டினார். அவர் கையெழுத்தை வேறு யாராலும் படிக்க முடியவில்லையாம். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஜெயச்சந்திரனின் எழுத்தை மட்டும் அவள் தொடுவதில்லை.

தை மாதம் பல்கலைக்கழக வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். பட்டாசுத் தொழிலாளர்களின் போக்குவரத்தில் நேரடித் தாக்கம் ஏற்படுத்தியதற்காக டாக்டர் ஜெயச்சந்திரனுக்குச் சிறந்த ஆய்வாளர் விருது. ஹஸ்னா ஷட்டரைப் பாதி தூக்கியபடி அதை முழுக்கப் படித்தாள். அவர்கள் வாழ்நாளில் எழுதிய ஒரே உண்மை அதுதான் என்று தோன்றியது. காறித் துப்பிவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டாள்.