யாருடைய பாடும் இல்லாத இடம்

எங்கள் கரையில் மீனோடு வருகிறவரிடம் எங்கே பிடித்தது என்று கேட்டால் "அங்கால" என்பார். கை பாதிக் கடலைக் காட்டும். அது பொய்யும் இல்லை, பதிலும் இல்லை. இடம் கேட்காதே என்று முகம் சுளிக்காமல் சொல்லும் வழி. அகதி முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்தபின் கந்தோர் வேலையோடு மன்னாருக்குத் திரும்பிய எனக்கும் இது தெரியும். ஆகவே நான் செய்ததைத் தெரியாமல் செய்தது என்று சொல்லித் தப்ப வழியில்லை.

மிதிவெடி அகற்ற வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாடு திரும்பும்போது தன் தூண்டில் தடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரை குத்தும் தூண்டில் இல்லை அது. சேவல் இறகை நூலால் முள்ளில் சுற்றி ஈ மாதிரிக் கட்டி, கனத்த கயிற்றைத் தலைக்கு மேலே சுழற்றி எறிய வேண்டும். சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் போய், அரிப்புக்கும் கொண்டச்சிக்கும் இடையில் ஓர் உப்பாறு கடலில் விழுகிற இடத்தருகே நின்று எறிவேன். இரண்டு மாதமாக என் தொப்பியைத் தவிர வேறெதுவும் முள்ளில் மாட்டவில்லை.

அங்கே ஓர் அக்கா கைத்தூண்டில் போடுவார். இடம்பெயர்ந்து திரும்பி, தகரக் கொட்டிலில் மீண்டும் குடியேறிய குடும்பம். கணவருக்குக் காலில் காயம். கடலுக்குப் போக முடியாது. வள்ளமும் சண்டையோடு போய்விட்டது. காலையில் அக்கா பிடிக்கும் மீனில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. ஒருநாள் என் கூத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அவரே கிட்ட வந்தார்.

"தம்பி, உதில நிண்டு நாள் முழுக்க வீசினாலும் ஒண்டும் வராது. இஞ்சால வாங்கோ. தண்ணி வத்தத் தொடங்கேக்க இந்தக் கல்லுக்குப் பின்னால கொடுவா மீன் வந்து நிக்கும். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"ஓம் அக்கா," என்றேன். அன்றைக்கே என் முதல் கொடுவா அகப்பட்டது.

அந்தத் தலைக்கனத்தில்தான் இணையத்தளம் தொடங்கினேன். ஒற்றைக் கொடுவா பிடித்தவன் ஊருக்கே வாத்தியார் ஆகிவிட்டேன். ஈ கட்டுவது எப்படி, கயிறு எறிவது எப்படி என்று படங்களோடு தமிழில் எழுதி, கீழே "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று ஒரு பெட்டியும் வைத்தேன். கருத்துகள் வந்தன. எழுத்து சின்னது என்றார் யாழ்ப்பாணத்து ஒருவர். பெரிதாக்கினேன். நீலப் பின்னணி கண்ணைக் குத்துகிறது என்றார் கனடாவிலிருந்து ஒருவர். வெள்ளையாக்கினேன். யாராவது பாராட்டினால் அன்று முழுக்கக் கந்தோரில் கோப்பு எதுவும் நகராது.

பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் எழுதினார்: "எல்லாம் நன்று. எங்கே போய் எறிவது என்று மட்டும் இல்லையே?" அவருக்குப் பின்னால் பலரும் அதையே கேட்டார்கள். நான் இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அந்த உப்பாற்று வாயின் வரைபடத்தைப் போட்டேன்.

இன்னொருவர் கேட்டார்: "அது யாராவது ஒருவரின் பாடோ? போனால் சண்டைக்கு வருவார்களோ?" கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் கடற்கரையில் கரைவலை இழுக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு பாடு; அதற்கு உரிமைக்காரர் உண்டு; மாறி வலை வைத்தால் வழக்கு கோயில் வாசல் வரை போகும். கைத்தூண்டிலுக்கு அப்படிப் பாடு கிடையாது. ஒரு கம்புதான். நாளாந்தம் ஓரிடத்தில் தூண்டில் போடுகிறவர் அங்கே கம்பு ஒன்றை நட்டு வைப்பார். அதைக் கண்டால் மற்றவர்கள் தள்ளிப் போவார்கள். அக்காவின் கம்பு அந்தக் கல்லருகே, உச்சியில் உரப்பைத் துண்டு கட்டியபடி நின்றது.

நான் எழுதிய பதில் இது: "யாருடைய பாடும் இல்லை. தைரியமாக வாருங்கள்." கூடவே காலையில் எடுத்த படம் ஒன்றையும் போட்டேன். படத்தின் ஓரத்தில் கம்பு தெரிந்தது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டேன். வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கம்பு தெரிந்தால் என் பதில் நிற்காது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் போனபோது இரண்டு வான்கள் நின்றன. பாட்டுப் பெட்டி அலறியது. கல்லின் மேல் நாலு பேர் நின்று எறிந்துகொண்டிருந்தார்கள். கம்பைக் காணவில்லை. மீன் சுட்ட நெருப்பில் அதன் நுனி கரியாகிக் கிடந்தது. அக்கா வெறும் வாளியோடு தூரத்தில் குந்தியிருந்தார். நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பக்கத்தை உடனே அழித்தேன். பெட்டியில் நன்றி சொல்லிப் புதிய கருத்துகள் வந்திருந்தன. வாசிக்க வெட்கமாக இருந்தது.

மூன்று சனிக்கிழமை ஒளித்திருந்துவிட்டு, நாலாவது சனிக்கிழமை போனேன். அக்கா தனியாக நின்றார். எப்படித் தொடங்குவது என்று நான் விழிக்க, அவரே கயிற்றைச் சுற்றியபடி சொன்னார்.

"இது என்ர இடமெண்டு சொன்னனான் தம்பி. அவங்கள் போனில படத்தைக் காட்டினவங்கள். ஆற்றையும் பாடு இல்லையெண்டு எழுதிக் கிடக்காம்."

கயிற்று நுனியில் இருந்த முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

"படத்தில கம்பை வெட்டிப்போட்டியள். அதின்ர நிழல் மணலில கிடக்குது. உரப்பைத் துண்டும் சேர்த்துத் தெரியுது."

"பிழை விட்டிட்டன் அக்கா. இப்ப அழிச்சிட்டன்."

"அழிச்சது நல்லம்," என்றார். "அவையள் வழி பழகிட்டினம்."

ஏசியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. முள்ளைத் துடைத்து வாளிக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். பிறகு அவரை அந்தக் கல்லருகே நான் காணவில்லை. இணையத்தளத்தையும் கொஞ்ச நாளில் மூடிவிட்டேன். அதனால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை.

சில மாதம் கழித்துச் சிலாவத்துறைச் சந்தையடியில் அவரைக் கண்டேன். கையில் ஈர்க்கில் கோத்த இரண்டு கொடுவா. வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்ற சந்தோசத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க அக்கா இப்ப போடுறியள்?"

அவர் மரியாதையாகச் சிரித்தார்.

"அங்கால, தம்பி," என்றார். கை பாதிக் கடலைக் காட்டியது.