இட்லி உதாரணமும் வாத்தியார் புஞ்சையும்

"நீங்க எப்பவாச்சும் குப்பைக்குழியில கைய வச்சுப் பாத்திருக்கீகளா, சார்?"

1969 கார்த்திகையில், காரைக்குடியில் நான் அறிவியல் நடத்திய பள்ளிக்கே வந்து ஆரோக்கியம் கேட்ட கேள்வி இது. அவர் மகள் பள்ளி விடுதியில் தங்கி என் வகுப்பில் படித்தாள். ஆவணியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நான் ஓர் உதாரணம் சொல்லியிருந்தேன். ஆறின இட்லியைவிட ஆவி பறக்கும் இட்லிதானே நல்லது? சாணமும் அப்படித்தான், மட்கவிட்டுச் சத்தை வீணாக்காமல் பச்சையாகவே நிலத்தில் போடுங்கள் என்றேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. ஆரோக்கியம் அதை நம்பித் தன் சோளப் புஞ்சையில் செய்திருக்கிறார். "வந்து பாருங்க" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை காலை 6.40-க்குப் பஸ் ஏறினேன். திருப்பத்தூரில் மாறி, திருக்கோஷ்டியூருக்கு முன்னால் பாதை பிரியும் விலக்கில் 8.20-க்கு இறங்கினேன். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு ரூபாய் பத்து பைசா. பிறகு செம்மண் பாதையில் மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடை. குடை எடுக்காமல் போனது என் இரண்டாவது தவறு.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் ஆரோக்கியத்தின் நிலத்துக்கு வழி கேட்டேன்.

"வாத்தியார் புஞ்சைக்கா போறீக? இங்குட்டே போங்க. பச்சை எங்கன முடியுதோ, அதான்."

எந்த வாத்தியார் என்று கேட்டேன்.

"காரைக்குடியில ஒருத்தராம். இட்லி நல்லா அவிப்பாராம்."

அது நான்தான். அவர் காட்டிய பக்கம் வேகமாக நடந்தேன். ஒரு நிலம் யாரால் கெட்டதோ அவர் பேரை அதற்கு வைத்துவிடுவது அந்த ஊர் வழக்கம் என்று பிறகு தெரிந்தது.

பச்சை முடிந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். எருவே போடாத பக்கத்து நிலத்தில் சோளம் இடுப்பளவு நின்றது. இங்கே ஏக்கர் முழுதும் வைக்கோல் நிறம். ஒரு பயிரைப் பிடித்தேன், கையோடு வந்தது. வேர் கருகியிருந்தது. மட்காத சாணக் கட்டிகளில் கரையான் மொய்த்தது. மழை விட்டு இரண்டு வாரமாகியிருந்த மண்ணில் இருந்த கொஞ்ச ஈரத்தையும் சாணம் இழுத்துக்கொண்டு சூட்டைக் கக்கியிருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரு வருஷச் சாப்பாடு அது.

அங்கே காத்து நின்ற ஆரோக்கியத்திடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதற்கு நிற்கவில்லை. சாணம் மட்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குப்பைக்குழிக்கு அழைத்துப்போய், ஒரு கடப்பாரையை ஆழச் செருகினார். கால் மணி நேரம் கழித்து உருவி, முனையைத் தொடச் சொன்னார். தொட்டேன். சுட்டது.

"இட்லி வெந்துச்சான்னு குத்திப் பாக்க மாட்டீகளா, சார்? இது இன்னும் வேகுது. வெந்து ஆறினாத்தான் நெலத்துக்கு."

இவ்வளவு தெரிந்திருந்தும் என் பேச்சை ஏன் கேட்டீர்கள் என்றேன்.

"படிச்சவுக சொல்றீகளேன்னுதான்."

அன்றைய அதிர்ச்சிகளில் இதுதான் பெரியது. இன்றும் ஆறவில்லை.

விதை அரை ஏக்கருக்குத்தான் மிச்சமிருந்தது. அந்த அரை ஏக்கரில் கிடந்த சாணத்தை இருவரும் கூடையில் வாரினோம். அந்தப் பக்கத்து வீட்டார் கொடுத்த போன வருஷத்து மட்கிய எருவைத் தூவி, அவர் மறுபடி விதைத்தார். நல்லவேளை, மழை பெய்தது. மாசிக் கடைசியில் போனபோது அந்தப் பாதி கதிர் சாய்ந்து நின்றது. மறுபாதி வெறும் மண். பெயர் மட்டும் முழு ஏக்கருக்கும் நிலைத்துவிட்டது.

அந்தப் பக்கம் சோளம் பார்க்கப் போகிறவர்கள் மார்கழியில், காலை பஸ்ஸில் போங்கள். திருக்கோஷ்டியூர் கோயிலையும் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம். வழி கேட்டால் என் புஞ்சையைக் காட்டுவார்கள்.

போவதற்கு முன், உங்கள் எருக்குவியலில் ஓர் இரும்புக் கம்பியைக் கால் மணி நேரம் செருகிவைத்து, உருவித் தொட்டுப் பாருங்கள்.