சுவரில் தெரிந்த காது

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது அடுக்குமாடி வீடுகளோ ரயிலோ இல்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் கைப்பேசியைக் கையில் எடுப்பதில்லை, அதுதான். மேசையில் மல்லாக்கப் போட்டு ஒரு வயரால் கணினியோடு கட்டிவிடுகிறார்கள். கைப்பேசியில் என்ன ஓடுகிறதோ அது அப்படியே கணினித் திரையில் ஓடும். அங்கே மவுஸால் தொட்டால் இங்கே விரலால் தொட்ட மாதிரி. ஊரில் செல்லும் கையுமாகத் திரிகிறவர்களை "அதையே கட்டிக்கிட்டு அழு" என்று திட்டுவோம். இங்கே நிஜமாகவே கட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

என் வேலை ஆப்களைச் சோதித்துப் பார்ப்பது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. இதைச் செய்து தருவது ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். முகம் தெரியாத யாரோ எழுதி, எப்படி எழுதினோம் என்பதையும் திறந்து காட்டி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. அன்னதானத்துக்கே உபயதாரர் படத்தோடு பேனர் கட்டுகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு நம்ப முடியவில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான். கைப்பேசியின் செட்டிங்ஸில் ஒரு வரியை ஏழு முறை தட்ட வேண்டும். உடனே, "நீங்கள் இப்போது டெவலப்பர்" என்று அதுவே பட்டம் கொடுத்துவிடும். நாலு வருஷம் படித்து, அரியர் எழுதி நான் வாங்கிய பட்டம் அது!

வேலையில் சேர்ந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை, விருதுநகரில் தம்பி செந்திலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் பக்கம் குழந்தையின் காதில் முதன்முதலில் பெயரைச் சொல்வது அத்தைதான், அதாவது அப்பாவுடன் பிறந்தவள். மூன்று முறை சொல்ல வேண்டும். செந்தில் பிறந்தபோது எனக்கு ஆறு வயது. எங்கள் அத்தை சாத்தூரிலிருந்து வந்து தொட்டிலுக்குள் குனிந்தாள். ரகசியம் பேசவே தெரியாத தொண்டை. அவள் சொன்ன பெயர் தெருமுனை வரை கேட்டது. செந்தில் சாயங்காலம் வரை வீறிட்டு அழுதான். "இவன் ஏன் எதைச் சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்கிறான்னு இப்பத் தெரியுதா?" என்று அப்பா இன்றும் கிண்டல் செய்வார். என் முறை வரும்போது நான் பக்குவமாகச் சொல்வேன் என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

விடுமுறை கேட்டேன். மேலாளர் டெரிக் ஒரு சீனர், நல்ல மனிதர். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம், தமிழில் தருகிறேன். "உனக்கு இன்னும் ப்ரொபேஷன் முடியலையே லா" என்றார். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம். குழந்தைக்கு நான்தான் பெயர் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். ரொம்ப யோசித்துவிட்டு, "பேரை மெசேஜ்ல அனுப்பிடலாமே?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

செந்திலும் நானும் வேறு வழி கண்டுபிடித்தோம். வெள்ளிக்கிழமை, ஊர்க் கணக்கில் பத்து மணிக்கு அவன் வீடியோ காலில் கூப்பிடுவான். இங்கே பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். மாடிப்படி ஓரம் நின்று பெயரைச் சொல்லிவிடலாம். இது தவறினால் ராணியக்கா தயாராக இருந்தாள். பெரியப்பா மகள், முறைப்படி அவளும் அத்தைதான். அதற்கென்றே புதுப் பட்டு எடுத்துவிட்டாள் என்று தகவல் வந்தபோது எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் டெமோவும் இருந்தது. வீட்டுக்கே வந்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் சேவைக்கான ஆப். முதியவர் ஒரு பொத்தானை அழுத்தினால் நர்ஸ் வீடியோவில் வர வேண்டும். வாடிக்கையாளர் மேடம் லிம், சிரிப்பை எண்ணிச் செலவழிக்கிற பெண்மணி. இது சொதப்பினால் என் ப்ரொபேஷன் அம்போதான். அலுவலகத்தின் சோதனைக் கைப்பேசி அன்று பார்த்து உயிரை விட்டது. அவசரத்துக்கு என் சொந்தக் கைப்பேசியை வயரில் கட்டி, கணினியை அறையின் பெரிய திரையோடு இணைத்தேன். சுவர் அளவுக்கு என் கைப்பேசி. மவுஸ் டெரிக்கின் கையில்.

பதினொன்றரை இருக்கும். சுவரில் ஓர் அழைப்பு துள்ளியது. ஐயோ, செந்தில்! நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் லிம், "ஓ, இதுதான் அந்த வீடியோ காலா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். டெரிக்குக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. பெருமையோடு பச்சைப் பொத்தானைச் சொடுக்கினார்.

சுவர் முழுக்க எங்கள் வீட்டுக் கூடம். மாவிலை, தொட்டில், பட்டுப்புடவைகள், நாதஸ்வர ரெக்கார்டு. "அக்கா, ஐயருக்கு அடுத்த தெருவுல கிரகப்பிரவேசமாம், கெளம்பணுங்கறாரு. இப்பவே சொல்லிரு!" என்று கத்தினான் செந்தில். அவனுக்குப் பின்னால் ராணியக்கா வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு தொட்டில் பக்கம் நகர்வது சுவரில் ஆளுயரத்துக்குத் தெரிந்தது.

"சோதனைக்குப் போட்ட ஆட்கள் ரொம்ப இயற்கையா இருக்காங்க" என்றார் மேடம் லிம்.

டெரிக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் வெளிறி, மவுஸைச் சிவப்புப் பொத்தானுக்கு ஓட்டினார்.

"அதை அழுத்தாதீங்க!" நான் கத்தியது தமிழில். டெரிக்குக்கு ஒரு சொல் தெரியாது. ஆனால் கை நின்றுவிட்டது.

"மேடம், மன்னிக்கணும். என் தம்பி குழந்தை. நான்தான் பேர் சொல்லணும். அரை நிமிஷம்" என்றேன். வேலை போனால் போகட்டும் என்று ஒரு துணிச்சல். மேடம் லிம் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்புறம் என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே? சொல்லு லா!" என்றார்.

செந்தில் கைப்பேசியைக் குழந்தையின் காதில் வைத்தான். சுவர் முழுக்க ஒரு காது. பூனை முடியும், பின்னால் வைத்த திருஷ்டிப் பொட்டும் தெரிய, அவ்வளவு பெரிய காது. ஆனால் அதனிடம் பேச முடியாது. பேச வேண்டியது மேசையில் வயரோடு கிடந்த சின்னக் கைப்பேசியிடம். மேசைமேல் கவிழ்ந்து, கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"தேன்மொழி. தேன்மொழி. தேன்மொழி."

பக்குவமாவது ஒன்றாவது! என் வாயிலிருந்து அத்தையின் அதே குரல் வந்தது. சுவரில் காது துடித்தது, வீறிட்டு ஓர் அழுகை. அங்கே குலவை, இங்கே கைதட்டல். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது.

"ஏன் மூணு தடவை? நெட்வொர்க் விட்டு விட்டு வருதா?" என்று கவலையோடு கேட்டார் டெரிக்.

சாயங்காலம் லிட்டில் இந்தியா போய் லட்டு வாங்கினேன். "என்ன விசேஷம்கா? இவ்ளோ பேக் பண்றீங்க" என்றாள் கடைப் பெண். அத்தையாகிவிட்டேன் என்றேன். "கங்கிராட்ஸ்! அப்ப எனக்கும் ஒண்ணு எடுத்துக்கிறேன் லா" என்று என் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொண்டாள். திங்களன்று மேடம் லிம்மிடமிருந்து ஒரு கூடை நிறையச் சிவப்புச் சாயம் போட்ட முட்டைகள் வந்தன. சீனர்கள் குழந்தையின் முதல் மாதத்துக்குக் கொடுப்பதாம். லட்டும் சிவப்பு முட்டையும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டோம். வேலையும் நிலைத்தது.

இப்போது தேன்மொழிக்கு ஒன்றரை வயது. இங்கே சுவா சூ காங் வட்டாரத்தில் என் அறையில், கைப்பேசியைக் கணினியோடு கட்டி, பெரிய திரையில்தான் அவளோடு பேசுகிறேன். ஊரில் மற்ற குழந்தைகள் கேமரா முன் முகத்தைக் காட்டும். இவள் திரும்பிக் காதை வைத்து அழுத்துவாள். அத்தை என்றால் அதுதான் முறை என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ. பாதி நாள் எனக்குத் தெரிவது காது மட்டும்தான்.

போன தீபாவளிக்கு நேரிலேயே போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அலறிக்கொண்டு கவிதாவின், அதாவது அவள் அம்மாவின், முந்தானைக்குள் போய்விட்டாள். பொம்மை, மிட்டாய், எதுவும் எடுபடவில்லை. ராணியக்கா இடுப்பில் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்தாள். எனக்கு அழுகை முட்டியது. கடைசியில் உள்ளறைக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து, செந்திலின் செல்லுக்கு வீடியோ கால் போட்டேன். ஒரே வீட்டுக்குள்! கூடத்தில் தபதபவென்று ஓடும் சத்தம். என் திரையில் காது.

"தேனு" என்றேன்.

காது அசையவில்லை. பிறகு விலகியது. குரல் செல்லிலிருந்தும் வருகிறது, கதவுக்குப் பின்னாலிருந்தும் வருகிறது, அவளுக்கு அது பிடிபடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் செல், அதில் என் முகம். அதைப் பார்த்தாள், கட்டிலில் இருந்த என்னைப் பார்த்தாள். மறுபடியும் அதைப் பார்த்தாள். மெல்லப் பக்கத்தில் வந்தாள். செல்லுக்குள் இருந்த சிங்கப்பூர் அத்தையை நெஞ்சோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டே, தலையைச் சாய்த்து, என் வாயருகே காதை நீட்டினாள்.