ஒரு நாள் காப்புறுதி

எழுபதுகளிலிருந்தே ஈப்போவில் ஒரு காப்புறுதி முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். லோரி மரத்தில் மோதியது, மோட்டார் சைக்கிளை எருமை முட்டியது, கடைக்குள் வெள்ளம் புகுந்தது என்று எல்லாவற்றுக்கும் இழப்பீடு கேட்கும் பாரம், அதாவது படிவம், நிரப்பியிருக்கிறேன். மனிதர்கள் எதையெல்லாம் கொண்டுபோய் எதில் மோதுவார்கள் என்று அந்தத் தெருவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அப்படிப்பட்டவளிடம் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ரேஸ் தடத்துல ஓட்டுற காருக்கு இன்சூரன்ஸ் கெடைக்குமா லா?"

எந்தக் கார் என்று நான் கேட்கவில்லை. செமோரில் லோரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த மனிதர் அவர். பக்கத்து ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் ஊருக்குப் போகும்போது, இன்ஜின் செத்துப்போன ஸ்போர்ட்ஸ் காரை பங்களாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். கரும்பச்சை நிறம், ஆறு சிலிண்டர், இரண்டே இரண்டு இருக்கை. எங்களுக்கு மூன்று பிள்ளைகள். அதை இழுத்துக்கொண்டு வந்து மூன்று வருடம் அடியில் படுத்துக் கிடந்து உயிர் கொடுத்தார். கல்யாணமான புதிதில்கூட என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது.

உயிர் வந்ததும் ஆசை வந்துவிட்டது. கோலாலம்பூர் பக்கம் பத்து தீகா என்ற ஊரின் பந்தயத் தடத்தில் சில நாட்களில் பந்தயம் இல்லாமல், சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் போய் ஓட்டிப் பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் விடுவேனா? காப்புறுதி இல்லாமல் போகக்கூடாது என்று பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். கிடைக்காது என்கிற தைரியம்தான். எல்லா மோட்டார் பாலிசியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: பந்தயம், பந்தயப் பயிற்சி, வேகச் சோதனை ஆகியவற்றில் நேரும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. அந்த வரியை நான் எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருப்பேன்!

ஆனால் எங்கள் அலுவலக மேனேஜர், சாதுவான சீனர், கெடுத்துவிட்டார். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் எழுதிக் கேட்டால் ஒரே ஒரு நாளுக்கு மட்டும் தனிக் காப்புறுதி தருவார்கள் என்றார். மூன்று பக்கப் பாரம் வந்தது. தலைக்கவசம் உண்டா, தீயணைப்பான் உண்டா, கவிழ்ந்தால் தலையைக் காக்க உள்ளே இரும்புக் கம்பி உண்டா, கார் தடத்துக்கு எப்படி வந்து சேரும்? கம்பியை என் வீட்டுக்காரரே வளைத்துப் பற்றவைத்தார். கார் லோரியில் ஏறிப் போகும் என்று எழுதினேன்.

"வேகமாக ஓட்டிய அனுபவம்?" என்று படித்தேன்.

"ரப்பர் பால் லோரி ஓட்டியிருக்கேன்னு எழுது. பால் கட்டியாவுறதுக்கு முன்னால ஆலைக்குப் போவணும். அதவிட என்னா ரேஸ் இருக்கு?"

அப்படியே எழுதினேன். கோலாலம்பூரில் சிரித்திருப்பார்கள். சிரித்தாலும் பதில் சிரிப்பாக வரவில்லை. மற்றதெல்லாம் சரியாம். ஓட்டுநர் நாற்பத்தைந்து வயதைக் கடந்திருக்கக் கூடாதாம். ஐசிப்படி, அதாவது அடையாள அட்டைப்படி, அவருக்கு நாற்பத்தேழு.

கடிதத்தைப் படித்த கையோடு சந்தைக்குப் போய் நல்ல கறுப்பு வாவல் மீன் வாங்கினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அன்று சாயங்காலம் மீன் குழம்பை ஊற்றிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சண்டை போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த ஐசி இருக்கு பாரு, அது தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி போட்ட வயசு" என்றார். "நான் சின்னப் பையன். அம்மா கையப் புடிச்சு, விடியக்காலையில வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு. எத்தன வயசுன்னு கிராணி கேட்டாரு. அம்மா பன்னெண்டுன்னு சொல்லிச்சு. நான் அம்மா மூஞ்சியப் பாத்தேன். மறுநாளு ரப்பர் மரத்துல பால் புடிக்கிற மங்கு தொடைக்கப் போயிட்டேன். பொறவு ஐசி எடுக்க வந்தவங்களும் கிராணி புத்தகத்தப் பாத்து அதே வயசத்தான் எழுதுனாங்க. உண்மையான வயசு அம்மாவுக்குத்தான் தெரியும். அதுவும் போய்ச் சேந்துருச்சு."

இது எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டு வயது உண்டு, சொந்த வயது ஒன்று, கூலிப் பதிவான செக்ரோலுக்கு ஏற்றிச் சொன்ன வயது ஒன்று. வீட்டில் ஒரு கை கூடினால்தான் அரிசி காணும் என்ற நிலையில் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். அவர் போய்க் காரைத் துடைத்து, துணி போர்த்தி, நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார்.

இனி என் அயோக்கியத்தனத்தைச் சொல்ல வேண்டும். அவருடைய உண்மையான வயது எனக்குத் தெரியும்.

எங்கள் கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோயில் பூசையில் வாசிப்பதற்காக, அவர் பிறந்த தோட்டத்துப் பக்கம் இருக்கும் சிலிம் ரிவர் கிறிஸ்தவக் கோயிலிலிருந்து ஞானஸ்நானச் சான்று தபாலில் வந்தது. எங்கள் ஈப்போ கோயிலில் சாமியாருக்குத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்தான். கவரைப் பிரித்தவளும் நான்தான். ஐசிக்கும் அதிலிருந்த பிறந்த தேதிக்கும் நான்கு வருட வித்தியாசம். ஒன்பது வயது மூத்தவர் என்று நினைத்தவர் ஐந்துதான் மூத்தவர். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. கிழவரே, கிழவரே என்று கூப்பிட ஒன்பது வயது வசதியாக இருந்தது. விளையாட்டாக ஒளித்தது பதினாறு வருடம் ஓடிவிட்டது.

இப்போது அது விளையாட்டாக இல்லை. துணி போர்த்திய காரைத் தாண்டித்தான் தினமும் துணி காயப்போடப் போனேன். சொன்னால் அவர் தடத்தில் இறங்குவார். இறங்கினால் என்ன ஆகும் என்று பாரம் பாரமாக நிரப்பியவள் நான். எனக்குப் பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் பத்திரமாக என் கண்ணெதிரே இருப்பார். ஆனால் அந்த நான்கு வருடத்தை முதலில் எடுத்தது தோட்டம், இப்போது மறுபடியும் எடுப்பது நான் என்று தோன்றிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு லீவு போட்டுவிட்டு சிலிம் ரிவருக்கு பஸ் ஏறினேன்.

கோயிலில் பழைய ஞானஸ்நான ஏடு, மை பழுத்துப் போயிருந்தது. சாமியார் விரல் வைத்துத் தேடி எடுத்தார். பிறந்த தேதியை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

பட்டறைக்கே கொண்டுபோய் நீட்டினேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார்.

"இது எப்ப தெரியும் உனக்கு?"

"கல்யாணத்துக்கு முன்னாலயே."

"பதினாறு வருஷமா கிழவருன்னு கூப்புட்ட?"

"ஆமா."

திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். "மங்கு தொடைக்கப் போனப்ப எனக்குப் பத்தாச்சும் இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "எட்டுதானா?"

பக்கத்தில் எங்கள் கடைசிப் பயல் டயரை உருட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் எட்டு. இருவரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஐசியில் இருப்பதுதான் வயது என்று மேனேஜர் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தார். ஞானஸ்நானச் சான்றோடு சத்தியப் பிரமாணம் ஒன்றையும் சேர்த்து, மூன்று பிரதி தட்டச்சு செய்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து பாலிசி வந்தது. ஓட்டுநர் வயது நாற்பத்து மூன்று. ஒரே ஒரு நாளுக்கு.

பத்து தீகாவில் நல்ல வெயில். கார் லோரியிலிருந்து இறங்கியது. பிள்ளைகள் வேலியில் தொற்றிக்கொண்டார்கள். நான் பாலிசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய வீரம் ஒன்றும் நடக்கவில்லை. சீனப் பையன்கள் இரண்டு பேர் அவரைச் சுலபமாகத் தாண்டிப் போனார்கள். நேர்ப்பாதையில் மட்டும் அந்தப் பச்சைக் கார் உறுமிக்கொண்டு வந்ததைப் பார்க்க எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

ஐந்தாறு சுற்று முடிந்து வேலியோரம் வந்து நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல். இறங்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் வெளையாடிட்டு வரட்டா?"

கண் நிறைந்துவிட்டது எனக்கு. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"போய்ட்டு வாங்க. இன்னும் நாலு சுத்து சுத்திட்டே வாங்க."