இரண்டாவது மொனிட்டரில் தெரிந்தது

அப்போது நான் பதுளையில் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மண் சரியக்கூடிய இடங்களில் இருக்கும் தேயிலைத் தோட்ட லயங்களை, அந்தப் பழைய வரிசை வீடுகளைக் காலி செய்து, அங்கே இருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுக்க ஒரு திட்டம் வந்திருந்தது. தோட்டங்களின் பதிவேடுகளை ஸ்கேன் செய்து கணினியில் போட்டிருந்தார்கள். எல்லாம் கையால் தமிழில் எழுதிய பெயர்கள். அவற்றைப் பார்த்து நான் சிங்களத்தில் புதிய பட்டியல் தயாரிக்க வேண்டும். லுணுகலைப் பக்கத்தில் நான் பிறந்த லயமும் அதில் இருந்தது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் அக்கா, தன் கணவரோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தாள். பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மழை பிடித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் தங்கப் போய்விடுவாள்.

என் மேசையில் ஒரே மொனிட்டர்தான். பதிவேட்டைத் திறந்தால் பட்டியல் மறைந்துவிடும், பட்டியலைத் திறந்தால் பதிவேடு மறைந்துவிடும். இரண்டையும் பாதிப்பாதியாக வைத்துப் பார்த்தேன், எழுத்து எறும்பு மாதிரிச் சுருங்கிப்போனது. அதனால் ஒரு பெயரைப் பார்ப்பேன், மனதில் வைத்துக்கொள்வேன், மறுபக்கம் போய் அடிப்பேன், திரும்பி வந்து எங்கே விட்டேன் என்று தேடுவேன். இன்னொரு மொனிட்டர் கிடைக்குமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். முதலில் பட்டியல் போகட்டும் என்றார். மழைக்கு முன்னால் அனுப்பச் சொல்லி மேலேயிருந்து நெருக்கினார்கள். முடித்துக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். பட்டியல் போனது.

மூன்று வாரம் கழித்து, அதே பெயர்களுக்கு அடையாள அட்டை எண்களைச் சேர்க்கும் வேலை வந்தது. இந்த முறை நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சாமான் அறையில் உடைந்த மேசை கதிரைகளுக்குப் பின்னால் ஒரு பழைய மொனிட்டர் கிடந்தது. தூசி தட்டி மேசையில் வைத்தேன். அதன் நீலத் தலை வயரைச் செருகக் கணினியின் பின்னால் ஒரே இடம்தான், அதிலும் முதல் மொனிட்டரின் வயர் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைத்தெருவுக்குப் போய், ஒரு முனை இரண்டாகப் பிரியும் வயர் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். இரண்டு மொனிட்டரும் எரிந்தன. ஆனால் இரண்டிலும் ஒரே படம். இங்கே பட்டியலைத் திறந்தால் அங்கேயும் பட்டியல்.

மறுநாள் வயரைத் திருப்பிக் கொண்டுபோனேன். கடை முதலாளி வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, இது பிரிக்கிற வயர். ஒரு படத்த ரெண்டு எடத்துல காட்டும், அவ்வளவுதான். கம்பியூட்டருக்குப் பின்னால எச்.டி.எம்.ஐ ஓட்டை ஒண்ணு இருக்குமே, சின்னதா, தட்டையா?"

"இருக்குங்க."

"அப்ப இந்தச் சின்ன வயர மாட்டுங்க. ஒரு பக்கம் அதுக்குள்ள போவும், மத்தப் பக்கம் நீலத் தலைய செருகலாம். பொறகு விண்டோஸ் பட்டனயும் பி எழுத்தயும் சேத்து அமத்தி, 'எக்ஸ்டென்ட்'னு இருக்கிறத குடுங்க."

அவர் சொன்னபடியே செய்தேன். இரண்டாவது மொனிட்டர் ஒரு தடவை கறுத்து, பிறகு நீலமாக விரிந்தது. மவுஸை வலப்பக்கம் தள்ளத் தள்ள, அம்பு முதல் மொனிட்டரின் ஓரத்தைத் தாண்டி அடுத்ததற்குள் போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இடப்பக்கம் பதிவேடு, வலப்பக்கம் என் பட்டியல். எங்கள் தோட்டத்தைத்தான் முதலில் திறந்தேன்.

இரண்டையும் ஒன்றாக இறக்கிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் வரிசை பொருந்தவில்லை. இடப்பக்கம் ஒரு பக்கத்தின் கீழ்ப்பாதி. வலப்பக்கம் அதற்கு அடுத்த பக்கத்தின் முதல் பெயர். ஏதோ தவறாகத் திறந்துவிட்டேன் என்று மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். அப்படியேதான் இருந்தது. பக்கத்தின் நடுவில் அடித்துக்கொண்டிருந்தபோது பட்டியலுக்குப் போயிருக்கிறேன். திரும்பி வந்தபோது அடுத்த பக்கத்தில் தொடங்கியிருக்கிறேன். நடுவில் பதினொரு குடும்பம் இல்லை. அதில் ஏழாவது அக்காவின் குடும்பம். அவள் பெயரை அடித்தேனா என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அந்த நாட்களில் எல்லாமே வெறும் பெயராகத்தான் என் கையைக் கடந்துபோனது.

மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு மொனிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். பட்டியல் மேலே அங்கீகாரம் ஆகிவிட்டது, வீடுகளின் எண்ணிக்கையும் முடிவாகிவிட்டது, இனி யாரையும் சேர்க்க முடியாது என்றார்.

"அவங்க கேட்டா என்ன சேர் சொல்றது?" என்றேன்.

"இரண்டாம் கட்டத்தில் வரும் என்று சொல். நீ அடித்தாய், நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை லுணுகலை பஸ்ஸில் போனேன். அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. பதினோரு குடும்பம். ஒன்னய இந்த லயத்துப் பக்கம் வர விடமாட்டாங்க."

"நீ திட்டவாச்சும் செய் அக்கா."

"திட்டி? பேரு வந்துருமா?"

நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் மேட்டில் வீடுகள் எழும்பின. பக்கத்துக் காம்பரா வீடுகளில் இருந்தவர்கள் சாமான்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லயத்தில் பதினொரு வீடு மட்டும் எஞ்சியது. காலியான வீடுகளின் கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டதால், சாரல் இப்போது நடுச்சுவர் வழியாகவும் இறங்குகிறது. அக்கா வீட்டு வெடிப்பைச் சிமெந்து வைத்து அடைத்தோம். அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று விட்டது.

நான் அலுவலகத்தில் இருக்கிறேன் என்பதால் எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். தங்கள் பெயர் ஏன் விடுபட்டது என்று தெரியவில்லை, தயவுசெய்து பரிசீலிக்கவும் என்று என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு மனுவுக்கும் இன்னும் பதில் இல்லை. இரண்டாம் கட்டம் என்ற பேச்சே அலுவலகத்தில் இப்போது எழுவதில்லை.

போன மாதம் கடைசி வீட்டு அம்மா ஒரு பையில் பீர்க்கங்காய் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"எங்களுக்குன்னு ஆபீஸ்ல நீ ஒருத்தியாச்சும் இருக்கியேம்மா" என்றார்.

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் பேனாவைத் திறந்து, அந்த அம்மாவின் முழுப் பெயரைக் கேட்டேன்.