மாமன் மடி கோயிலில், காரில் இல்லை

காலை ஆறு மணிக்குப் பெங்களூர் ஈஜிபுராவிலிருந்து கிளம்பினோம் என்று எழுத ஆசைதான். கிளம்பியது ஆறே முக்காலுக்கு. இடைப்பட்ட நேரம் முழுவதும் வாடகைக் காரின் பின்சீட்டில் பெல்ட் மாட்டும் கொக்கியைத் தேடுவதில் போயிற்று.

எங்கள் தெருவுக்குள் கார் நுழையாது. பதினான்கு மாத மகள் யாழினியை நான் தூக்கிக்கொள்ள, காரில் அவளை உட்காரவைத்து வார் மாட்டும் குழந்தை சீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு என் கணவர் பிரபு மெயின் ரோடு வரை நடந்தார். பால் வாங்கப் போன எதிர்வீட்டு அக்கா, "என்னா சார், சலூன் வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நாங்கள் போவது தொட்டபள்ளாபூர் தாண்டி இருக்கும் காட்டி சுப்ரமண்யா கோயிலுக்கு. சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். யாழினிக்குக் காது குத்து. கார் வாடகை 4,200 ரூபாய், டோல் தனி.

டிரைவர் நாகராஜ் பின்சீட்டு முழுவதற்கும் பளபளவென்று கவர் போட்டிருந்தார். கொக்கிகள் எல்லாம் அதற்கு அடியில். நான் ஏறிய வாடகைக் கார்கள் பெரும்பாலானவற்றில் இதே கதைதான்.

"பின்னாடி யாரும் பெல்ட் போடமாட்டாங்க மேடம். கவர் நீட்டா இருக்கணும்னு உள்ள தள்ளிட்டேன். போலீஸும் முன்னாடிதான் பார்க்கும்."

"போலீஸுக்காகக் கேக்கல. எடுத்தாத்தான் ஏறுவேன்."

முணுமுணுத்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். முதலில் ஒரு சீப்பு வந்தது, பிறகு வேர்க்கடலைத் தோல், கடைசியில் கொக்கி. குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும்படி சீட்டை வைத்து, பெல்ட்டைக் கோர்த்து, பிரபு முழங்காலால் அழுத்த நான் இழுத்தேன். அடிப்பக்கம் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அசையவில்லை. குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத்தான் யாழினிக்கு வாரை மாட்டினேன்; கம்பளி அடியில் இருந்தால் வார் இறுகியது போலத் தெரியும், உண்மையில் தொளதொளவென்று இருக்கும். மாட்டிய பிறகு மேலே போர்வை. பட்டுப்பாவாடை பைக்குள் இருந்தது. ஒரு வார் கால்களுக்கு நடுவில் வர வேண்டும், பாவாடைக்கு அங்கே வேலையில்லை.

ஏழேகாலுக்கு அல்சூர். ஏரிக்கரை ஓரம் பட்டு வேட்டியில் என் அண்ணன் சேகர் நின்றிருந்தார். இருபது வருடமாக அல்சூர்வாசி, யாழினிக்கு ஒரே தாய்மாமன். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் திரும்பி இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு."

"சீட்லயே இருக்கட்டும்ணா."

"காது குத்துறதே மாமன் மடியிலதான். வீட்ல இருந்து என் மடியில வரணும், அதான் மொற. இதென்ன, புள்ளைய முதுகத் திருப்பி ஒக்கார வச்சிருக்க? தண்டனையா?"

"அவளுக்குத் தல கனம், கழுத்து எளசு. கார் முட்டினா சீட்டு முதுகு தாங்கிக்கும். கோயில்ல உன் மடி, கார்ல இந்த சீட்டு."

"என் கை புடிக்காததையா இந்த பிளாஸ்டிக் புடிக்கப் போவுது?"

"வேகத்துல பிரேக் போட்டா உன்னையே உன்னால புடிச்சிக்க முடியாது."

"அப்பா வண்டியில முன்னாடி நின்னுக்கினு போய்த்தானடி நாம வளந்தோம்? செத்தா போயிட்டோம்?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிழைத்தவர்கள் மட்டும்தான் இதைக் கேட்கிறார்கள். பிழைக்காத பிள்ளைகள் வந்து பதில் சொல்வதில்லை.

அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார். "அப்போ மாமன் எதுக்கு? அந்த சீட்டையே மடியா வச்சி குத்திக்கோ." வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

"கூப்பிடேன்" என்றார் பிரபு, ஏரியைப் பார்த்தபடி. எங்கள் குடும்பத்தில் மாமன் மடி இல்லாமல் காது குத்தியதே கிடையாது. நான் கூப்பிடவில்லை.

பிரேசர் டவுன், மேக்ரி சர்க்கிள் வழியாக ஹெப்பாளத்தை எட்டும்போது வெயில் ஏறிவிட்டது. மேம்பாலத்தில் எங்களுக்கு முன்னால் போன பெரிய காரில், கூரைத் திறப்பு வழியாக ஒரு சிறுமி இடுப்பு வரை வெளியே நின்று கையாட்டினாள். உள்ளேயிருந்து அவளைப் படம் பிடித்தார்கள். நாகராஜ் சிரித்தார், நான் யாழினியின் வாரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். எலஹங்கா தாண்டினால் சாலை சீராகிறது. தொட்டபள்ளாபூர் வட்டாரம் முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள். யாழினி தன் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு வந்தாள்.

ஒன்பதுக்குக் கோயில். வாசலில் கல்லில் செதுக்கிய நாகங்கள் வரிசையாக இருக்கின்றன, பிள்ளை வரம் கேட்டவர்கள் வைத்தவை. கருவறையில் ஒரே கல்லில் முன்பக்கம் சுப்ரமணியர், பின்பக்கம் நரசிம்மர். பின்னால் வைத்த கண்ணாடியில்தான் நரசிம்மரைப் பார்க்க வேண்டும். சாமியே பின்பக்கம் பார்த்து இருக்கிறார், அவருக்கு யார் தண்டனை கொடுத்தது என்று அண்ணனிடம் கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்க அண்ணன் இல்லை.

காது குத்தும் ஆசாரி இரண்டு முறை வந்து, "ஆரம்பிக்கலாமா?" என்றார். நல்ல நேரம் முடிய அரை மணி இருந்தது. அண்ணனுக்கு நான் போன் செய்யவில்லை. பிரபு செய்தார், எடுக்கவில்லை. மாமன் இல்லாவிட்டால் காது குத்தாமலேயே திரும்புவது என்று முடிவு செய்துவிட்டு, ஒரு தூணோரம் நின்று அழுதேன்.

அப்போதுதான் இரண்டு பஸ் மாறி, வேர்த்து வழிய, சீர்த்தட்டோடு அண்ணன் வந்தார்.

"உனக்காக வரல. என் மருமவளுக்காக வந்தேன்."

பட்டுப்பாவாடையில் அவர் மடியில் யாழினி உட்கார்ந்தாள். ஊசி இறங்கியதும் அவள் கத்தினாள், அவளைவிட அதிகமாக அண்ணன் அழுதார். அந்த மடியில் அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அவள் அங்கேயே தூங்கிப்போயிருந்தாள். அண்ணன் அப்படியே அணைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"குடுண்ணா."

"தூங்குது. இப்பவுமா?"

"இப்பவும்தான்."

"மெதுவா போறேன் மேடம்" என்றார் நாகராஜ்.

"நீங்க மெதுவா போவீங்க. எதுக்க வர்றவன்?"

வாங்கி, பாவாடையை மாற்றி, சீட்டில் வைத்து வாரை இறுக்கினேன். விழித்துக்கொண்டாள். காது வலி வேறு. ராஜானுகுண்டே வரை காரே அதிரும்படி கத்தினாள். "கொஞ்ச நேரம் மடியில வச்சிக்கோயேன்" என்றார் பிரபு. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். இளநீர்க் கடை மரத்தடியில் நிறுத்தி, அவளை இறக்கி, பால் கொடுத்து, நடந்து, சிரிக்க வைத்து, மறுபடி சீட்டில் மாட்டிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. இளநீர் ஐம்பது ரூபாய். அண்ணனுக்கும் ஒன்று நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

அல்சூரில் இறங்கியதும் ஜன்னலில் குனிந்தார்.

"வர்ற மாசம் நம்மூரு குடியாத்தம் கல்யாணத்துக்கு வேன் பேசியிருக்கேன். இந்த சீட்டுக்கு எடமில்ல, இப்பவே சொல்லிட்டேன்."

"எடமில்லன்னா நாங்க வரலண்ணா."

"சித்தப்பா பொண்ணு கல்யாணம்டி!"

"தெரியும்."

ஈஜிபுரா வந்து சேர நாலு மணி ஆனது. வழியில் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர்கூடத் திடீர் பிரேக் போட்டு என் பக்க நியாயத்தை நிரூபித்துக் கொடுக்கவில்லை. அதனால் குடியாத்தத்தில் என்னைத் திமிர் பிடித்தவள் என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊரில் சொந்தக் கல்யாணத்துக்குப் போகாதவளைப் பற்றிப் பத்து வருடம் பேசுவார்கள். பேசட்டும். அந்தப் பத்து வருடமும் அதைக் கேட்க என் மகள் என் பக்கத்தில் இருப்பாள்.